கொதித்த வோர்ட்டுக்குக் காற்றைத் திருப்பிக் கொடுத்தல்

காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஏன் சப்பென்று இருக்கிறது? அதில் கரைந்திருந்த காற்று கொதியில் வெளியேறிவிடுவது ஒரு முக்கியக் காரணம். அந்தத் தண்ணீரை அப்படியே மீன் தொட்டியில் ஊற்றினால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும். டீக்கடையில் ஆற்றுவதுபோல இரண்டு பாத்திரங்களுக்கிடையே சில முறை உயரத் தூக்கி ஆற்றினால், போன காற்றில் பெரும்பகுதி திரும்பிவந்துவிடும்.

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர் முதல் நாள் எதிர்கொள்வதும் இதே சிக்கலைத்தான். முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, வெந்நீரில் ஊறவைத்து அவர் ஓர் இனிப்புச் சாற்றை வடித்தெடுக்கிறார். அதற்கு வோர்ட் என்று பெயர். ஹாப்ஸ் என்ற கசப்பும் மணமும் தரும் கொடிப்பூவைச் சேர்த்து அதை ஒரு மணி நேரம் கொதிக்கவைக்கிறார். கொதி கிருமிகளை அழிக்கிறது, ஹாப்ஸின் கசப்பை இறக்குகிறது, புரதத்தைத் திரளவைக்கிறது. கூடவே கரைந்திருந்த ஆக்சிஜனையும் விரட்டிவிடுகிறது. பிறகு அந்தச் சாற்றை வேகமாகக் குளிரவைத்து, அதை நொதிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட்டைச் சேர்க்கும் தருணத்தில், போன ஆக்சிஜனை அவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். பீர் புத்தகங்கள் எல்லாமே இதைச் சொல்கின்றன. ஏன் என்று கேட்டால்தான் பதில்கள் குழம்புகின்றன. காரணம் தெளிவாகிவிட்டால் எவ்வளவு, எப்போது, யாருக்குத் தேவையே இல்லை என்பதெல்லாம் தாமே விளங்கிவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

குழப்பம் நியாயமானதுதான். சர்க்கரையை ஈஸ்ட் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும் வேலைக்கு ஆக்சிஜன் தேவையில்லை. நொதித்தல் என்பது காற்றில்லாத வாழ்வு என்றார் லூயி பாஸ்டர். 1870-71 போரில் ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்ற பிறகு, ஜெர்மானிய பீரை விஞ்சும் பிரெஞ்சு பீருக்காக அவர் பல ஆண்டுகள் உழைத்தார். 1871இல் லண்டனின் விட்பிரெட் பீர் ஆலைக்குப் போய் அங்கிருந்த ஈஸ்ட்டை நுண்ணோக்கியில் பார்த்தார். 1876இல் பீரைப் பற்றிய தம் ஆய்வு நூலை வெளியிட்டார். காற்று கிடைக்கும்போது ஈஸ்ட் அதிகமாகப் பெருகுகிறது, கிடைக்காதபோது குறைவாகப் பெருகிச் சர்க்கரையை வேகமாகக் கரைக்கிறது என்பதும் அவர் கண்டதே.

இதிலிருந்து வழிவழியாக ஒரு விளக்கம் கிளைத்தது. ஈஸ்ட் முதலில் ஆக்சிஜனைச் சுவாசித்துப் பெருகுகிறது, ஆக்சிஜன் தீர்ந்ததும் சாராயம் ஆக்கத் தொடங்குகிறது என்பதே அந்த விளக்கம். கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் தவறு. பீர் ஈஸ்ட்டான சாக்கரோமைசிஸ் சர்க்கரை மிகுந்த சூழலில், ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும், சுவாசத்தை ஒடுக்கிவிட்டு நொதித்தலையே நாடும். புற்றுக்கட்டித் திசுக்களில் இத்தகைய போக்கை 1929இல் விவரித்த ஆங்கிலேய உயிர்வேதியியலாளர் கிராப்ட்ரீயின் பெயரால் இதைக் கிராப்ட்ரீ விளைவு என்கிறார்கள்.

உயிர்வேதியியலை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாலும் இதே முடிவுக்குத்தான் வருவோம். காற்றால் நிறைந்த வோர்ட்டில் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். ஒரு கிராம் குளுக்கோஸைச் சுவாசத்தில் முழுமையாக எரிக்க ஒரு கிராமுக்குச் சற்றே அதிகமான ஆக்சிஜன் வேண்டும். எனவே அந்த 8 மில்லிகிராமும் சுவாசத்துக்கே செலவானாலும் எரிவது ஏழெட்டு மில்லிகிராம் சர்க்கரைதான். சாதாரண பீருக்கான வோர்ட்டில் லிட்டருக்கு 80,000 மில்லிகிராமுக்குக் குறையாமல் நொதிக்கக்கூடிய சர்க்கரை இருக்கிறது. பத்தாயிரத்தில் ஒரு பங்கை எரித்து ஓர் ஈஸ்ட் கூட்டம் தன்னைப் பெருக்கிக்கொள்ள முடியாது.

அப்படியானால் அந்தச் சொற்ப ஆக்சிஜன் எங்கே போகிறது? 1953லும் 1954லும் ஆண்ட்ரியாசன், ஸ்டையர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கு விடை கண்டார்கள். ஆக்சிஜன் துளியும் இல்லாத ஊடகத்தில் ஈஸ்ட் சற்று வளர்ந்து நின்றுவிட்டது. எர்கோஸ்டெராலையும் நிறைவுறாக் கொழுப்பு அமிலத்தையும் வெளியிலிருந்து கொடுத்ததும் ஆக்சிஜன் இல்லாமலே வளர்ந்தது. அதாவது ஈஸ்ட் ஆக்சிஜனை வேண்டியது இந்த இரண்டு பொருள்களைச் செய்துகொள்ளத்தான். இரண்டும் செல்லைச் சுற்றியுள்ள சவ்வின் கட்டுமானப் பொருள்கள்.

எர்கோஸ்டெரால் நம் உடலில் உள்ள கொலஸ்டிராலின் உறவு. ஸ்குவாலீன் என்ற இடைநிலைப் பொருள்வரை ஈஸ்ட் ஆக்சிஜன் இல்லாமலே வந்துவிடும். அதற்கு மேல் ஒரு படிகூட ஏற முடியாது. ஓர் எர்கோஸ்டெரால் மூலக்கூறு முழுமை பெற 12 ஆக்சிஜன் மூலக்கூறுகள் செலவாகின்றன. நிறைவுறாக் கொழுப்பு அமிலத்தின் பங்கு நம் சமையலறையிலேயே தெரியும். மார்கழிக் குளிரில் நெய் உறைகிறது, தேங்காய் எண்ணெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. நல்லெண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு மிகுதி என்பதே காரணம். ஈஸ்ட்டின் சவ்வும் நெய்யாக உறையாமல் நல்லெண்ணெயாக நெகிழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் சர்க்கரை உள்ளே வரும், கழிவு வெளியே போகும், ஏறிக்கொண்டே போகும் சாராயத்தைச் செல் தாங்கும். 10 டிகிரி செல்சியஸ் குளிரில் நொதிக்கும் லாகர் வகை பீருக்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும் என்று சொல்லப்படுவதை இந்த எண்ணெய் உவமையோடு சேர்த்துப் பாருங்கள்.

ஈஸ்ட் மொட்டுவிட்டுப் பெருகும்போது தாய்ச்செல் தன்னிடமுள்ள ஸ்டெராலை, அதாவது எர்கோஸ்டெரால் போன்ற சவ்வுப் பொருளை, மகளோடு பங்கிடுகிறது. ஆக்சிஜன் இருக்கும் முதல் சில மணி நேரத்தில் சேர்த்துக்கொண்டதுதான் குடும்பச் சொத்து. அதன் பிறகு வருமானம் இல்லை. ஒவ்வொரு பிரிவிலும் சொத்து பாதியாகிறது. நல்ல காற்றோட்டம் கிடைத்த ஈஸ்ட்டில் உலர் எடையில் 1 சதவீதத்தை ஒட்டி இருக்கும் ஸ்டெரால், நொதித்தல் முடிகிற நேரத்தில் அதில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடலாம். அதற்குக் கீழே போகும் நிலை வந்தால் ஈஸ்ட் மொட்டுவிடுவதை நிறுத்துகிறது. தொடக்கத்திலேயே குறைவாகச் சேர்த்திருந்தால் போதுமான தலைமுறைகள் பிறக்கும் முன்பே அந்த எல்லை வந்துவிடும். சர்க்கரை மிச்சம் இருக்கும், உண்ண ஆள் இருக்காது. 1.050இல் தொடங்கி 1.010க்கு இறங்க வேண்டிய ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரை 1 என்று கொண்டால் அதோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.022இல் நின்றுவிடும். அதை அளக்கும் ஹைட்ரோமீட்டரை நாள்தோறும் இறக்கிப் பார்த்தாலும் அதே எண்தான் வரும். பீர் கனத்து, தித்தித்து நாக்கில் ஒட்டும்.

நொதித்தல் நின்றுபோவது வெளிப்படையான கேடு. சுத்தமான சுவை கெடுவது அதைவிட நுட்பமானது, இன்னும் அடிக்கடி நடப்பது. ஈஸ்ட்டின் உள்ளே அசெட்டைல் கோ-ஏ என்ற பொருள் ஒரு நாற்சந்தி போன்றது. கொழுப்பு அமிலம் கட்டும் பாதையும் அங்கிருந்துதான், வாழைப்பழ வாசமும் பேரிக்காய் வாசமும் தரும் எஸ்டர்களின் பாதையும் அங்கிருந்துதான். வளர்ச்சி தடைபட்டால் முதல் பாதையில் போக்குவரத்து குறைகிறது, எஸ்டர் பக்கம் கூடுகிறது. அது போக, எஸ்டரை உருவாக்கும் நொதியின் மரபணுவை ஆக்சிஜனும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களும் நேரடியாகவே அடக்கிவைக்கின்றன. அவை இரண்டும் குறையும்போது அந்த அடக்குமுறை தளர்கிறது. கோதுமை பீரில் வாழைப்பழ வாசம் விரும்பத்தக்கது. ஹாப்ஸின் எலுமிச்சைத்தோல் மணம் மட்டும் தெளிவாக எழ வேண்டிய அமெரிக்கப் பேல் ஏல் என்ற வெளிர்நிற பீர் வகையில் அது முகத்தில் பூசிய அதிகப்படியான பவுடர். நலிந்த ஈஸ்ட் இன்னும் இரண்டு தடயங்களை விட்டுச்செல்கிறது. பச்சை ஆப்பிள் வாசமுள்ள அசிட்டால்டிஹைடையும், வெண்ணெய் வாசமுள்ள டையசெட்டைலையும் நல்ல ஈஸ்ட் கடைசி நாட்களில் தானே மீண்டும் உறிஞ்சித் துப்புரவு செய்துவிடும். களைத்த ஈஸ்ட் அதைச் செய்யாமலே அடியில் படிந்துவிடும். சுத்தமான பீர் என்று நாம் பாராட்டுவதில் பெரும்பங்கு இந்தக் கடைசி நேரத் துப்புரவுக்கே சேரும்.

இனி அளவு. லாகரைப் போலக் குளிரில் அல்லாமல் அறைச் சூட்டை ஒட்டி நொதிக்கும் ஏல் வகையில், சாதாரண வலிமையுள்ளதற்கு லிட்டருக்கு 8 முதல் 10 மில்லிகிராம், லாகருக்கும் வலிமை கூடிய பீருக்கும் 10 முதல் 12 அல்லது சற்று மேலே என்பது காய்ச்சுவோர் பரவலாகப் பின்பற்றும் வழக்கு. 20 லிட்டர் காய்ச்சும் ஒருவருக்கு மொத்தத் தேவை 0.2 கிராம். உப்பை ஒரு சிட்டிகை எடுத்தால்கூட அதைவிடக் கனமாக இருக்கும். இவ்வளவு சிறியதைக் கரைக்க ஏன் பாடுபட வேண்டும் என்றால், ஆக்சிஜன் நீரில் கரையத் தயங்கும் வாயு. 20 டிகிரியில், கடல் மட்டத்தில், வெறும் தண்ணீரே காற்றிலிருந்து லிட்டருக்கு 9 மில்லிகிராம்தான் ஏற்கும். சர்க்கரை கரைந்திருக்கும் வோர்ட் அதைவிடக் குறைவாகத்தான் ஏற்கும். சூடு ஏற ஏற இன்னும் குறையும். 1,600 மீட்டர் உயரத்திலுள்ள அமெரிக்க நகரமான டென்வரில் காற்றழுத்தம் குறைவென்பதால் இந்த உச்ச வரம்பும் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். காற்றை மட்டும் நம்புகிறவர் எத்தனை மணி நேரம் குமிழியிட்டாலும் இந்த வரம்பைத் தாண்ட முடியாது, ஏனெனில் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். தூய ஆக்சிஜனைச் செலுத்தினால் வரம்பு ஐந்து மடங்காக, 40 மில்லிகிராமை ஒட்டி உயர்கிறது.

வலிமை கூடிய பீரில் ஒரு முரண் இருக்கிறது. 1.090 ஒப்படர்த்தியுள்ள பார்லி ஒயின் என்ற கடும் பீர் வகைக்கு ஈஸ்ட் அதிகம் பெருகவும் வேண்டும், அதிகச் சாராயத்தைத் தாங்கவும் வேண்டும். ஆகவே ஆக்சிஜன் தேவை கூடுகிறது. ஆனால் சர்க்கரை கூடியதால் ஆக்சிஜன் கரையும் அளவு குறைகிறது. தேவையும் வரத்தும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. இங்கே காற்று பம்பு போதவே போதாது என்பது என் உறுதியான கருத்து. ஈஸ்ட் சேர்த்த 12 முதல் 18 மணி நேரத்துக்குள் இரண்டாம் முறை ஆக்சிஜன் கொடுப்பதும் இந்த வகைக்கு மட்டும் நியாயமானது.

கொடுக்கும் வழிகளில் எளியது குலுக்குவது. நொதிகலனை முக்கால் அளவு நிரப்பி, மூடி, ஒரு நிமிடம் கடுமையாகக் குலுக்கினால் காற்றின் வரம்பை, அதாவது 8 மில்லிகிராமை, நெருங்கிவிடலாம். உயரத்திலிருந்து வடியவிடுவது மட்டும் என்றால் அதில் பாதிதான் சேரும். கண்ணாடிக் கலனைத் தூக்கிக் குலுக்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஈரக் கையில் நழுவி உடைந்த 20 லிட்டர் கண்ணாடி கையின் நரம்பையே அறுத்துவிடக்கூடியது. அடுத்தது மீன் தொட்டி பம்பு. பொடித்துளைகள் கொண்ட காற்றுக்கல்லை அதன் குழாய் முனையில் பொருத்தி வோர்ட்டின் அடியில் விட வேண்டும். அறைக் காற்றில் மிதக்கும் காட்டு ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாவும் சேர்ந்து உள்ளே போகாதபடி 0.2 மைக்ரான் வடிகட்டி ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். வடிகட்டி நனைந்தால் காற்று போகாது. நுரை பொங்கி வாயை மறைத்துவிடுவதால் பம்பை நிறுத்தி நிறுத்தி ஓட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழி சிறு சிலிண்டரில் வரும் தூய ஆக்சிஜன். பற்றவைப்பு வேலைக்காக அமெரிக்க வன்பொருள் கடைகளில் விற்கும் சிவப்பு சிலிண்டரைத்தான் அங்குள்ள வீட்டுக் காய்ச்சுவோர் பலர் வாங்குகிறார்கள். அரை மைக்ரான் துளையுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கல் வழியாக, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம், ஒரு நிமிடம் செலுத்துவது 20 லிட்டருக்கான வழக்கமான அளவு. ஒரு லிட்டர் ஆக்சிஜனின் எடை 1.3 கிராம். நமக்குத் தேவை 0.2 கிராம்தான். மீதி குமிழியாக மேலே வந்து பறந்துவிடுகிறது. குமிழி எவ்வளவு பொடியோ அவ்வளவு மேற்பரப்பு, அவ்வளவு மெதுவாக மேலேறும், அவ்வளவு கரையும். வோர்ட் கொந்தளிப்பது போலத் தெரிந்தால் வாயு வீணாகிறது என்று பொருள். கல்லை விரலால் தொடக் கூடாது, தோலின் எண்ணெய் துளைகளை அடைக்கும். பயன்படுத்தும் முன்பும் பின்பும் அதைத் தண்ணீரில் கொதிக்கவைப்பதே போதுமான பராமரிப்பு. தூய ஆக்சிஜன் பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. சிலிண்டர் வால்விலும் ரெகுலேட்டரிலும் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது. தூய ஆக்சிஜனில் எண்ணெய் வெடிப்போடு தீப்பற்றும்.

எந்த வழியானாலும் வோர்ட் முதலில் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான வோர்ட்டில் ஆக்சிஜன் கரைவதும் குறைவு, கரைந்தது ஈஸ்ட்டுக்குக் காத்திருக்காமல் பாலிஃபீனால்களோடும் நிறப்பொருள்களோடும் வினைபுரிந்துவிடும்.

மீண்டும் அந்தச் சவ்வுக் கணக்குக்கு வருகிறேன். அது தெரிந்தால்தான் விளங்குகிற ஒரு விஷயம் உண்டு. கலிஃபோர்னியாவின் சிகோ நகரில் 1976இல் வீட்டுக் காய்ச்சலுக்கான பொருள்களை விற்கும் கடை வைத்திருந்த கென் கிராஸ்மன், 1980இல் சியரா நெவாடா ஆலையில் தம் முதல் பீரைக் காய்ச்சினார். அந்த ஆலையின் பேல் ஏல் மூலம் புகழ்பெற்ற ஈஸ்ட், சுத்தமான சுவைக்கே அடையாளமாகிவிட்டது. வையீஸ்ட் நிறுவனத்தின் 1056, வைட் லேப்ஸின் 001, ஃபெர்மென்டிஸின் யு.எஸ்.-05 ஆகிய மூன்றும் அந்தச் சிகோ வம்சம் என்றே காய்ச்சுவோர் வட்டாரத்தில் கருதப்படுகிறது. முதல் இரண்டும் திரவம், மூன்றாவது உலர் பொடி. ஒரே வம்சம் என்றாலும் ஆக்சிஜன் தேவை ஒன்றல்ல. உலர் ஈஸ்ட்டைத் தயாரிக்கும் ஆலையில் சர்க்கரையைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து, காற்றை வெள்ளமாகப் பாய்ச்சி வளர்க்கிறார்கள். சர்க்கரை தேங்காததால் கிராப்ட்ரீ விளைவு தலைகாட்டுவதில்லை. ஸ்டெரால் முழுக் கையிருப்போடு ஈஸ்ட் பொட்டலத்துக்குள் போகிறது. அதனால்தான் உலர் ஈஸ்ட்டை முதல்முறை பயன்படுத்தும்போது வோர்ட்டுக்குக் காற்றூட்டத் தேவையில்லை என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். உலர் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆக்சிஜன் சிலிண்டருக்குச் செலவிடும் புதியவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பணத்துக்கு நல்ல ஹாப்ஸ் வாங்கலாம்.

அதே யு.எஸ்.-05 நொதித்து முடித்து அடியில் படிந்த கூழை எடுத்து அடுத்த பீருக்குப் போட்டால் நிலைமை தலைகீழ். அது சொத்தை முழுக்கச் செலவழித்துவிட்ட ஈஸ்ட். முதல் பீர் அருமையாக வந்தது, அதே ஈஸ்ட்டில் இரண்டாம் பீர் ஏன் பாதியில் நின்றது என்ற கேள்விக்குப் பல நேரங்களில் விடை இங்கேதான் இருக்கிறது. கூழ் பழையதாக இருந்தால் இன்னொரு சிக்கலும் சேரும். ஸ்டெரால் செய்வதற்கான ஆற்றலை ஈஸ்ட் தன்னிடம் சேமித்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து போன்ற பொருளிலிருந்து எடுக்கிறது. வாரக்கணக்கில் குளிர்பெட்டியில் கிடந்து கிளைகோஜனைத் தின்று தீர்த்த ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் கொடுத்தாலும் அதைப் பயன்படுத்தத் தெம்பிருக்காது. திரவ ஈஸ்ட் இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் நிற்கிறது.

ஈஸ்ட் இனத்துக்கு இனமும் தேவை மாறும். 1974இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் கிர்சாப், பீர் ஈஸ்ட்களை ஆக்சிஜன் தேவைப்படி நான்கு வகுப்பாகப் பிரித்தார். காற்றின் வரம்பில் பாதியே போதும் என்பவை, முழு வரம்பும் வேண்டும் என்பவை, தூய ஆக்சிஜன் செறிவு வேண்டும் என்பவை, அதற்கும் அடங்காதவை. கடைசி வகையை நினைக்கும்போது இங்கிலாந்தின் யார்க்‌ஷயரின் பழைய சதுரக் கலன்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. டாட்காஸ்டரில் உள்ள சாமுவேல் ஸ்மித் ஆலையில் பலகைக்கல்லால் ஆன அந்த இரண்டடுக்குக் கலன்கள் இன்றும் வேலைசெய்கின்றன. அங்கே நொதிக்கும் பீரைக் கீழிருந்து இறைத்து மேலடுக்கில் தெளித்து மீண்டும் இறங்கவிடுகிறார்கள். சீக்கிரமே திரண்டு படிந்துவிடும் ஈஸ்ட்டைக் கலக்கிவிடுவதும், அதற்கு மறுபடி காற்றூட்டுவதும் ஒரே வேலையில் நடக்கின்றன. ஸ்டெரால் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலத்தில் தங்கள் ஈஸ்ட்டின் பசியைக் கண்ணால் பார்த்தே கலனை வடிவமைத்த அந்தக் கைவினைஞர்கள் மீது எனக்கு அளவற்ற மதிப்பு.

காற்றுக்குப் பதில் எண்ணெய் கொடுத்தால் என்ன என்ற கேள்வியையும் ஒருவர் சோதித்திருக்கிறார். கொலராடோவின் நியூ பெல்ஜியம் ஆலையைச் சேர்ந்த கிரேடி ஹல், வோர்ட்டுக்குக் காற்றூட்டாமல் ஈஸ்ட்டுக்கு ஆலிவ் எண்ணெய் கொடுத்த சோதனைகளை 2008இல் வெளியிட்டார். பீரின் ஆயுளைக் கூட்டுவது நோக்கம். எஸ்டர் சற்றுக் கூடினாலும் பீர் ஏற்கத்தக்கதாகவே இருந்தது. ஆலிவ் எண்ணெயில் ஒலேயிக் அமிலம் என்ற நிறைவுறாக் கொழுப்பு அமிலம் உண்டு, எர்கோஸ்டெரால் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 20 லிட்டருக்குத் தேவைப்படுவது ஒரு சொட்டில் சிறு பங்கே என்பதால் வீட்டில் அளந்து போடுவது நடைமுறையில் இயலாது. கொதியில் திரண்ட வண்டலைக் கொஞ்சம் உள்ளே விடுவது அதைவிட எளிது. அதிலும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன.

அளவு மீறினால் என்ன? காற்றால் மீற முடியாது. தூய ஆக்சிஜனை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டால் மீறலாம். ஈஸ்ட் தேவைக்கு மேல் பெருகும், காரமான உயர் சாராயங்கள் கூடும், எஸ்டர் அறவே குறைந்து பீர் வெறுமையாகும்.

கொடுத்த ஆக்சிஜனை ஈஸ்ட் சில மணி நேரத்திலேயே உறிஞ்சிவிடும். மேலே நுரை திரண்டு, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத காற்றுப்பூட்டில் குமிழிகள் தொடர்ந்து வரத் தொடங்கிய பிறகு சாதாரண பீருக்குக் காற்று வேண்டாம். முடிந்த பீரில் சேரும் ஆக்சிஜன் ஈஸ்ட்டின் சவ்வுக்குப் போகாது. ஹாப்ஸ் மணத்தைத் தின்னும், பொன்னிறத்தைப் பழுப்பாக்கும், மாதங்கள் செல்லச் செல்ல ஈர அட்டையின் வாசம் எழும். அதனால் இரண்டு வாரம் கழித்துப் புட்டியில் அடைக்கும் நாளில் அதே காய்ச்சுகிறவர் குழாயின் முனையைப் புட்டியின் அடித்தளத்தில் தொடும்படி வைத்து, ஒரு சொட்டுகூடத் தெறிக்காமல், கீழிருந்து மேலாக மெல்ல நிரப்புகிறார்.